வெளியே நடப்பது எதற்கு, உள்ளே போவது எங்கே?

"வாழ்க்கை ஒரு பயணம்" என்று யார் சொன்னாலும் தலையாட்டிவிடுகிறோம். "உண்மையான பயணம் உள்ளே போவதுதான்" என்று அடுத்த வரி வந்தால் இன்னும் வேகமாக ஆட்டுகிறோம். உள்ளே என்றால் எதற்குள்ளே, போகிறவர் யார், போய்ச் சேர்ந்தது எப்படித் தெரியும் என்று கேட்டால்தான் பேச்சு நின்றுவிடும். காலை வணக்கப் படங்களிலும் தியான வகுப்பு விளம்பரங்களிலும் புழங்கிப் புழங்கி இந்தச் சொற்கள் தேய்ந்துபோய்விட்டன.

குழப்பம் இரண்டு பக்கமும் இருக்கிறது. காசி, ராமேஸ்வரம், கயிலாயம் என்று பட்டியல் போட்டுப் போய்வந்துவிட்டால் ஏதோ ஒன்று கைகூடிவிடும் என்று நினைப்பவர்கள் ஒரு பக்கம். "எல்லாம் மனசுக்குள்ளேதான் இருக்கு, கோயில் குளமெல்லாம் எதுக்கு?" என்று ஒரு சித்தர் பாட்டைச் சொல்லி விவாதத்தை முடித்துவிடுபவர்கள் இன்னொரு பக்கம். இரண்டுமே அவசரத் தீர்ப்புகள் என்பது என் எண்ணம். புறப்பயணம் ஒரு வேலையைச் செய்கிறது, அகப்பயணம் வேறொரு வேலையைச் செய்கிறது. அந்த வேலைகள் என்ன என்று பிரித்துப் பார்த்துவிட்டால் சண்டைக்கு இடமே இல்லை. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் சைவ மரபிலிருந்து வருகின்றன. நமக்குப் பக்கத்தில் கிடைப்பவை அவைதான். கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களும் தயங்காமல் படிக்கலாம்.

## கை தேடும் பழைய சுவிட்சு

வீடு மாறியவர்களுக்கு இது தெரிந்திருக்கும். இரவில் எழுந்தால் கை தானாகக் கதவின் இடது பக்கம் போகும். பழைய வீட்டில் சுவிட்சு அங்கேதான் இருந்தது. புது வீட்டிலோ அங்கே வெறும் சுவர். பழைய வீட்டில் இத்தனை வருடம் சுவிட்சைத் தேடியதாக நினைவே இருக்காது. கை அதன் வேலையைச் செய்தது, அவ்வளவுதான். இடம் மாறிய பிறகுதான், எவ்வளவு காரியங்களை நாம் கவனிக்காமலேயே செய்துகொண்டிருந்தோம் என்பது தெரிகிறது.

உளவியலில் இதை ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். வெண்டி வுட் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறிய மாணவர்களைக் கவனித்து, 2005-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். உடற்பயிற்சி செய்வது, செய்தித்தாள் படிப்பது, டிவி பார்ப்பது போன்ற சாதாரணப் பழக்கங்களைத்தான் பார்த்தார்கள். புது இடத்திலும் சூழல் பழையபடியே அமைந்திருந்தால் பழக்கம் அப்படியே தொடர்ந்தது. சூழல் மாறிப்போனால் பழக்கத்தின் பிடி தளர்ந்தது. அப்புறம் அந்த மாணவர் உண்மையில் என்ன செய்ய விரும்பினாரோ அதைப் பொறுத்துத்தான் நடந்துகொண்டார்.

இங்கிருந்து நம் இரண்டு சொற்களுக்கும் வரையறை சொல்லிவிடலாம். புறப்பயணம் என்பது உடலும் சூழலும் மாறுவது. அடுத்தவர் பார்த்துச் சொல்லக்கூடிய மாற்றம் அது. ஊர்விட்டு ஊர் போவது மட்டுமல்ல, படிப்பு முடிப்பது, வேலை கிடைப்பது, கல்யாணம், வாடகை வீட்டிலிருந்து சொந்த வீட்டுக்குப் போவது, ஓய்வு பெறுவது எல்லாம் இதில் அடங்கும். அகப்பயணம் என்பது 'நான்' என்று எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறோமோ அந்தப் பிடி மாறுவது. அதே வீடு, அதே வேலை, அதே மனிதர். ஆனால் பத்து வருடத்துக்கு முன் அவரைச் சுட்ட ஒரு சொல் இப்போது சுடுவதில்லை. முன்பு பெருமையாக இருந்தது இப்போது பெருமையாகத் தெரியவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் நடந்ததாகத் தோன்றாது.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: புறப்பயணம் சூழலை மாற்றுகிறது. சூழல் மாறும்போது பழக்கத்தின் பிடி தளர்ந்து, மறைந்திருந்தது கண்ணுக்குத் தெரிகிறது. தெரிந்ததை என்ன செய்வது என்பது வேறு கேள்வி. அது அகப்பயணத்தின் பக்கம்.

## மாலை போட்டதும் என்ன நடக்கிறது

எல்லா இடமாற்றமும் ஒன்றல்ல. வேலைக்காகப் பெங்களூருக்குக் குடிபோகிறவரும், ஊட்டிக்குச் சுற்றுலா போகிறவரும், சபரிமலைக்குப் போகிறவரும் ஊரை விட்டுத்தான் கிளம்புகிறார்கள். மூன்றாமவருடையதைத்தான் யாத்திரை என்கிறோம். உள்ளே ஒரு மாற்றம் நடக்க வேண்டும் என்றே திட்டமிட்டு அமைக்கப்பட்ட புறப்பயணம் அது.

அந்தத் திட்டம் எப்படி வேலை செய்கிறது? ஆர்னால்ட் வான் கென்னப் என்ற அறிஞர் 1909-இல் பிரெஞ்சு மொழியில் எழுதிய ஆய்வில், உலகெங்கும் உள்ள சடங்குகளில் மூன்று கட்டங்கள் திரும்பத் திரும்ப வருவதைக் காட்டினார். முதலில் வழக்கமான வாழ்க்கையிலிருந்து பிரிவது. பிறகு அங்கும் இல்லாமல் இங்கும் இல்லாமல் நடுவில் நிற்பது. கடைசியில் திரும்பி வந்து சேர்வது. நடுவில் உள்ளதை வாசற்படி நிலை என்று சொல்லலாம்.

சபரிமலை யாத்திரையில் இந்த மூன்றும் பளிச்சென்று தெரியும். மாலை போடுவது பிரிவு. அன்றிலிருந்து கறுப்போ நீலமோ காவியோ உடுத்தி, சவரம் செய்யாமல், அசைவமும் மதுவும் தொடாமல், தரையில் படுத்து ஒரு மண்டலம், அதாவது 41 நாள் விரதம். வீட்டில்தான் இருப்பார், ஆபீசுக்குக்கூடப் போவார். ஆனால் அவர் பழைய ஆளாக நடத்தப்படுவதில்லை. மனைவியே "சாமி" என்பார். மேலதிகாரியும் "சாமி"தான், அவருடைய டிரைவரும் "சாமி"தான். குழுவில் யார் பெரியவர் என்பதைச் சம்பளம் தீர்மானிப்பதில்லை. எத்தனை முறை மலைக்குப் போனார் என்பது தீர்மானிக்கிறது. டிரைவர் குருசாமியாக இருந்தால் மேலதிகாரி அவர் காலில் விழுந்து இருமுடி ஏற்றிக்கொள்வார். மலையிலிருந்து திரும்பி மாலையைக் கழற்றியதும் எல்லாம் பழையபடி.

இங்கே நடப்பது என்ன என்று பாருங்கள். பெயர், உடை, சாப்பாடு, படுக்கை, பதவி: 'நான் இன்னார்' என்று நம்மைத் தாங்கிப் பிடிக்கும் முட்டுகள் இவைதான். யாத்திரை இவற்றை ஒவ்வொன்றாகத் தற்காலிகமாக எடுத்துவிடுகிறது. அதன் பிறகு 18 படி ஏறினால் சன்னிதானத்தின் முகப்பில் 'தத்துவமசி' என்று எழுதியிருக்கும். சாந்தோக்கிய உபநிடதத்தில் உத்தாலகர் தன் மகன் சுவேதகேதுவிடம் சொல்லும் வாக்கியம் அது: 'நீ அதுவாகவே இருக்கிறாய்'. முட்டுகள் இல்லாமல் நாற்பது நாள் இருந்துவிட்டு வருகிறவரிடம் சொல்வதற்குப் பொருத்தமான வாக்கியம்தான். கூட்டத்தில் எத்தனை பேர் நிமிர்ந்து படிக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

வாசற்படி நிலையில் இருப்பவர்களுக்குள் வேறுபாடுகள் மங்கி ஒருவிதத் தோழமை பிறக்கிறது என்று பின்னாளில் விக்டர் டர்னர் என்ற மானிடவியலாளர் விரித்து எழுதினார். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் எப்போதும் அப்படி நடப்பதில்லை. இராவதி கார்வே என்ற மராட்டிய மானிடவியலாளர் பண்டரிபுரத்துக்கு நடக்கும் வாரி யாத்திரையில் தானே நடந்து போனார். ஒரே தெய்வம், ஒரே பாட்டு, ஒரே பாதை. அப்படியிருந்தும் சாதிக்கொரு குழுவாக நடந்ததையும் தனித்தனியே உட்கார்ந்து சாப்பிட்டதையும் வருத்தத்தோடு பதிவு செய்தார். ஆக, யாத்திரை ஒரு வாய்ப்பை அமைத்துத் தருகிறது. மாற்றத்துக்கு உத்தரவாதம் தருவதில்லை.

## அகப்பயணம் எதெல்லாம் இல்லை

இங்கேதான் பெரிய தவறான புரிதல் இருக்கிறது. கண்ணை மூடித் தன்னைப் பற்றி யோசிப்பதுதான் அகப்பயணம் என்று பலர் நினைக்கிறார்கள். என் குறைகள், என் காயங்கள், என் கனவுகள், அடுத்த ஐந்து வருடத்தில் நான். இதெல்லாம் பயனுள்ள யோசனையாக இருக்கலாம். ஆனால் நகர்ந்ததாகச் சொல்ல முடியாது. 'நான்' என்ற பாத்திரம் அதே இடத்தில் உட்கார்ந்திருக்க, அதைப் பற்றிய கதை மட்டும் ஓடுகிறது.

இந்தக் கதையை ஓட்டுவதற்கு நமக்கு எந்தப் பயிற்சியும் தேவையில்லை. மூளை சும்மா இருக்கும்போது அதையேதான் செய்கிறது. மார்கஸ் ரைக்கில் என்ற நரம்பியல் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2001-இல் ஒரு விஷயத்தைத் தெளிவாக எடுத்துக் காட்டினார்கள். வெளி வேலை எதுவும் இல்லாமல் படுத்திருக்கும்போதும் மூளையின் சில பகுதிகள் ஓய்வதில்லை. கவனம் தேவைப்படும் வேலை வந்தால்தான் அவற்றின் செயல்பாடு குறைகிறது. இந்தப் பகுதிகளின் தொகுப்பை இயல்புநிலை வலையமைப்பு என்கிறார்கள். தன்னைப் பற்றிய நினைவு, நடந்ததை அசைபோடுவது, நடக்கப்போவதைக் கற்பனை செய்வது ஆகியவற்றோடு இதற்குத் தொடர்பு உண்டு என்று பின்வந்த ஆய்வுகள் சொல்கின்றன.

நம் எண்ணங்களோடு தனியாக இருப்பது அப்படியொன்றும் சுகமானதும் அல்ல. 2014-இல் திமதி வில்சன் என்ற உளவியலாளரின் குழுவினர் வெளியிட்ட ஓர் ஆய்வு அப்போது நிறையப் பேசப்பட்டது. ஆட்களை ஓர் அறையில் 15 நிமிடம் போனும் புத்தகமும் இல்லாமல் உட்காரவைத்தார்கள். பக்கத்தில் ஒரு பொத்தான். அழுத்தினால் லேசான மின் அதிர்ச்சி. காசு கொடுத்தாவது இந்த அதிர்ச்சியைத் தவிர்ப்போம் என்று முன்பே சொன்னவர்கள் அவர்கள். அப்படியும் 18 ஆண்களில் 12 பேரும், 24 பெண்களில் 6 பேரும் ஒரு தடவையாவது அழுத்திவிட்டார்கள். சும்மா இருப்பதற்கு அதிர்ச்சி மேல் என்று தோன்றியிருக்கிறது போல.

எனவே "கொஞ்ச நேரம் தனியா உட்கார், உள்ளே போ, அமைதி கிடைக்கும்" என்ற அறிவுரை பாதியில் நிற்கும் அறிவுரை. தனியாக உட்கார்ந்தால் முதலில் கிடைப்பது இரைச்சல். அந்த இரைச்சலை என்ன செய்வது என்பதற்கு ஒரு முறை வேண்டும். முறைகள் பல உண்டு. ஒன்றை மட்டும் கிட்டத்தில் பார்க்கலாம்.

## யாருக்கு?

1896 ஜூலை, மதுரை. மீனாட்சியம்மன் கோயில் அருகே சித்தப்பா வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்த வேங்கடராமன் என்ற 16 வயதுப் பையனுக்கு ஒருநாள் காரணமே இல்லாமல் மரண பயம் வந்தது. உடம்புக்கு ஒன்றுமில்லை. ஆனால் 'சாகப்போகிறேன்' என்ற எண்ணம் உறுதியாக வந்துவிட்டது. யாரையும் கூப்பிடாமல் அவன் கை காலை நீட்டிப் பிணம்போல் படுத்துக்கொண்டான். சரி, சாவு வந்துவிட்டது, சாவது எது? இந்த உடம்பைத் தூக்கிக்கொண்டுபோய் எரித்துவிடுவார்கள். அதோடு நானும் செத்துவிடுவேனா? உடம்பு அசையாமல் கிடந்தபோதும் 'நான்' என்ற உணர்வு மங்காமல் இருப்பதைக் கண்டான். எல்லாம் சிறிது நேரத்துக்குள் முடிந்துவிட்டது. அந்தப் பையன்தான் பின்னாளில் ரமண மகரிஷி.

சில வருடங்கள் கழித்து, 1902 வாக்கில், திருவண்ணாமலைக் குகையில் மௌனமாக இருந்த அவரிடம் சிவப்பிரகாசம் பிள்ளை என்ற அரசு ஊழியர் கேள்விகள் கேட்டார். ரமணர் எழுதிக் காட்டிய பதில்கள்தான் 'நான் யார்?' என்ற சிறு நூலாக வந்தன. அதில் உள்ள முறைக்கு ஆத்ம விசாரம் என்று பெயர். எண்ணத்தின் பொருளை விட்டுவிட்டு, எண்ணம் யாருக்கு வருகிறதோ அவர் பக்கம் கவனத்தைத் திருப்புவது என்று அதைச் சொல்லலாம்.

செய்முறை இப்படி. ஓர் எண்ணம் எழுகிறது: 'அவன் என்னை மதிக்கவில்லை.' வழக்கமாக நாம் 'அவன்' பின்னால் ஓடுவோம். ஏன் மதிக்கவில்லை, போன தடவையும் இப்படித்தான், அடுத்த தடவை பார்த்துக்கொள்கிறேன் என்று பழைய கணக்கு முழுக்க வெளியே வரும். ரமணர் சொல்வது, அந்த எண்ணத்தை முடிக்க முயலாமல் 'இது யாருக்கு வந்தது?' என்று கேட்பது. 'எனக்கு' என்று தோன்றும். 'அந்த நான் யார்?' என்று அடுத்துப் பார்த்தால் கவனம் வெளிவிஷயத்தை விட்டுத் தான் கிளம்பிய இடத்துக்குத் திரும்புகிறது. கிளம்பிய எண்ணமும் அடங்குகிறது. இன்னொன்று வரும், மறுபடி அதே கேள்வி. எல்லா எண்ணங்களுக்கும் 'நான்' என்பதே முதல் எண்ணம், மற்றவை அதற்குப் பிறகே எழுகின்றன என்பது இதற்கு அடிப்படை. 'நான் யார்' என்ற நினைவும் கடைசிவரை நிற்பதில்லை. பிணம் சுடும் தடியைப் போல, மற்றவற்றை எரித்துத் தானும் எரிந்துபோகும் என்கிறார்.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 'நான் யார்' என்ற கேள்விக்கு வார்த்தையில் பதில் தேடுவது இல்லை இது. 'நான் ஆத்மா' என்று மனப்பாடமாகச் சொன்னாலும், 'நான் இந்த ஊர்க்காரன், இன்ன சாதி, இன்ன படிப்பு' என்று சொன்னாலும் இரண்டும் எண்ணங்களே. கேள்வி கவனத்தைத் திருப்புவதற்கான கருவி மட்டும்.

சுருக்கமாக: தன்னைப் பற்றிய கதையை ஓடவிடுவது மனதின் இயல்பு. அகப்பயணத்தில் கவனம் கதையிலிருந்து திரும்பி, கதை யாருக்கு ஓடுகிறது என்று பார்க்கிறது. யாத்திரை பெயரையும் பதவியையும் வெளியிலிருந்து கழற்றுகிறது என்றால், இது அவற்றைப் பிடித்திருக்கும் கையையே பார்க்கிறது.

## உள்ளே கண்டவர் ரயில் ஏறியது ஏன்?

சரி, 1896 ஜூலையிலேயே மதுரை வீட்டில் எல்லாம் தெரிந்துவிட்டது என்றால் வேங்கடராமன் அங்கேயே இருந்திருக்கலாமே? இருக்கவில்லை. ஆகஸ்டு 29-ஆம் தேதி, அண்ணனுக்குக் கல்லூரியில் கட்ட வேண்டிய 5 ரூபாயிலிருந்து 3 ரூபாய் எடுத்துக்கொண்டு, மீதி 2 ரூபாயோடு ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டு அருணாசலத்துக்கு, அதாவது திருவண்ணாமலைக்குக் கிளம்பிவிட்டான். சீட்டு 'நான்' என்று தொடங்கி இரண்டாவது வாக்கியத்தில் 'இது' என்று மாறி, கையெழுத்தே இல்லாமல் முடியும்.

அந்தப் பயணம் படு சாதாரணமானது. அதனாலேயே எனக்குப் பிடித்தது. பையன் ஒரு பழைய அட்லஸைப் பார்த்துத் திருவண்ணாமலைக்குக் கிட்டத்தில் உள்ள ரயில் நிலையம் திண்டிவனம் என்று நினைத்து அதற்கு டிக்கெட் எடுத்தான். விழுப்புரத்தில் இறங்கி மாறினால் திருவண்ணாமலைக்கே ரயில் இருக்கிறது என்பதை வண்டியில் வந்த ஒரு மௌல்வி சொல்லித்தான் தெரிந்தது. கையில் காசு தீர்ந்தது. மாம்பழப்பட்டு வரைக்கும்தான் டிக்கெட் எடுக்க முடிந்தது, அப்புறம் நடை. அரகண்டநல்லூர்க் கோயிலில் சற்று நேரம், கீழூர்க் கோயிலில் சற்று நேரம், பசி, மயக்கம். ஒரு வீட்டில் சாப்பாடு போட்டார்கள். காதுக் கடுக்கனை அங்கே அடகு வைத்து 4 ரூபாய் வாங்கிக்கொண்டு, செப்டம்பர் 1-ஆம் தேதி காலை திருவண்ணாமலை வந்து சேர்ந்தான். அதற்குப் பிறகு 1950 ஏப்ரல் 14 அன்று மறையும்வரை, கிட்டத்தட்ட 54 வருடங்கள் அந்த ஊரை விட்டு அவர் எங்கும் போகவில்லை.

இதில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. முதலாவது, 'முதலில் வெளியே சுற்றிவிட்டு, களைத்துப்போன பிறகு உள்ளே திரும்புவது' என்ற வரிசை எல்லோருக்கும் பொருந்தாது. இவர் விஷயத்தில் உள்ளே நடந்தது முந்தியது, ரயில் பிந்தியது. எனவே அகப்பயணத்தை ஓய்வுக்காலத்துக்கு ஒத்திவைக்க வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை. அது வயதைப் பொறுத்ததல்ல.

இரண்டாவது இன்னும் சுவாரசியமானது. 'உன்னையே பார்' என்று சொன்ன இதே மனிதர் 1926 வரை அன்பர்களோடு மலையைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். வந்தவர்களையும் கிரிவலம் போகச் சொன்னார். கிட்டத்தட்ட 14 கிலோமீட்டர் நடை அது. உள்ளே தேடுவதுதான் எல்லாம் என்றால் கால் வலிக்க நடக்கச் சொல்வானேன்? சீரான நடையில் உடம்புக்கு ஒரே வேலை, கண்ணுக்கு ஒரே மலை. வேறு எதையும் முடிவு செய்ய வேண்டியதில்லை. உட்கார்ந்தால் ஓயாமல் பேசும் மனம், நடையின் தாளத்தில் பேச்சைக் குறைத்துக்கொள்கிறது. இது என் விளக்கம்தான். நடந்து பார்த்தவர்கள் சரியா தவறா என்று சொல்லலாம்.

## கயிலைக்குப் போனவர் ஐயாற்றில் கண்டது

இந்த இரட்டைத்தன்மை இன்னும் பழையது. ஏழாம் நூற்றாண்டு அப்பரை எடுத்துக்கொள்ளுங்கள். "கங்கை ஆடிலென் காவிரி ஆடிலென்" என்று கேட்டவர் அவர். எங்கும் ஈசன் இருக்கிறான் என்று உணராதவருக்கு எந்தத் தீர்த்தத்தாலும் பயனில்லை என்று அந்தப் பாட்டு முடியும். திருமாலும் நான்முகனும் தேடியும் கிடைக்காதவனை "என்னுளே தேடிக் கண்டுகொண்டேன்" என்று பாடியவரும் அவர்தான். இந்த வரிகளை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டால் அவர் எங்கும் நகராமல் இருந்தவர் என்று நினைக்கத் தோன்றும். நிஜத்தில் அவர் ஓயாமல் நடந்தவர். திருவதிகையில் தொடங்கி ஊர் ஊராகப் போய்ப் பாடினார், கையில் உழவாரப்படையோடு கோயில் பிராகாரங்களில் புல் செதுக்கினார்.

சைவ சித்தாந்தம் இறைவனை அடையும் நெறிகளை நான்காகச் சொல்லும். சரியை என்பது கோயில் பெருக்குவது, பூத்தொடுப்பது போன்ற உடல் தொண்டு. கிரியை என்பது பூசை. யோகம் மனத்தை ஒருமுகப்படுத்துவது. ஞானம் மெய்யை உணர்வது. வெளியிலிருந்து உள்ளே போகும் வரிசை இது. மரபு அப்பரைச் சரியைக்கு எடுத்துக்காட்டாக வைத்திருக்கிறது. ஆக, 'என்னுளே கண்டுகொண்டேன்' என்று பாடியவர் புல் செதுக்கும் நெறிக்காரர். கீழ்ப்படியில் நிற்பவருக்கு மேலே உள்ளது எட்டாது என்று இந்த நான்கையும் வாசிப்பது எவ்வளவு தவறு என்பதற்கு இது ஒன்றே போதும் என்பேன்.

பெரிய புராணம் சொல்லும் கயிலைக் கதை இன்னும் ஒரு படி மேலே போகிறது. முதுமையில் அப்பர் கயிலையைக் காணக் கிளம்புகிறார். கால் தேய்கிறது, கையால் ஊர்கிறார். கை தேய, மார்பால் நகர்கிறார். கடைசியில் புரள்கிறார், அதுவும் முடியாமல் கிடக்கிறார். முனிவர் ஒருவர் வந்து, மனித உடம்போடு அங்கே போக முடியாது, திரும்பிப் போ என்கிறார். அப்பர் மறுக்கிறார். பிறகு, இந்தப் பொய்கையில் மூழ்கித் திருவையாற்றில் எழு, அங்கே கயிலைக் காட்சி கிடைக்கும் என்று இறைவன் குரல் கேட்கிறது. மூழ்கினார், திருவையாற்றுக் குளத்தில் எழுந்தார். கோயிலை நோக்கி நடக்கும்போது யானை தன் பிடியோடு வருகிறது, கோழி தன் பெடையோடு வருகிறது. இணையிணையாக எதிர்வரும் உயிர்கள் எல்லாம் அவருக்குச் சிவமும் சக்தியுமாகத் தெரிகின்றன. "கண்டறியாதன கண்டேன்" என்று பாடுகிறார். இன்றும் ஆடி அமாவாசையன்று திருவையாற்றில் இதை விழாவாகக் கொண்டாடுகிறார்கள்.

கதையை வரலாறாக எடுத்தாலும் உருவகமாக எடுத்தாலும் ஓர் அமைப்பு தெரிகிறது. அவர் இமயத்துக்குப் போய்ச் சேரவில்லை. பார்த்ததெல்லாம் காவிரிக்கரையில் யாரும் பார்க்கக்கூடிய யானையும் கோழியும். அப்படியென்றால் நடந்தது வீணா? கால் தேய நடக்காதவராக இருந்திருந்தால் ஐயாற்று யானை வெறும் யானையாகத்தான் தெரிந்திருக்கும் என்பதே கதை சொல்வதாக எனக்குத் தோன்றுகிறது.

## வாசலில் நிறுத்தப்பட்டவரிடம்

'எல்லாம் உள்ளேதான்' என்ற வாக்கியத்தில் ஒரு ஆபத்து இருக்கிறது. அதை யார் யாரிடம் சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்து அதன் பொருளே மாறிவிடும்.

அதே பெரிய புராணத்தில் திருநாளைப்போவார் இருக்கிறார். நந்தனார் என்றால் எல்லோருக்கும் தெரியும். ஆதனூர்ப் புலைப்பாடியில் பிறந்தவர். கோயில் முரசுகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும், பூசைக்குக் கோரோசனையும் கொடுத்தவர். அவர் தந்த தோல் உள்ளே ஒலிக்கலாம், அவர் உள்ளே வரக் கூடாது. திருப்புன்கூரில் வெளியே நின்று கும்பிட்டார். அவருக்காக நந்தி விலகியது என்கிறது புராணம். தில்லைக்குப் போக ஆசை. தடையை நினைத்து 'நாளைப் போவேன்' என்று சொல்லிச் சொல்லியே அந்தப் பெயர் வந்தது. ஒருநாள் போயே விட்டார். போனவர் ஊர் எல்லையை இரவும் பகலும் சுற்றிச் சுற்றி வந்தார், உள்ளே நுழையவில்லை. கடைசியில் தீ வளர்த்து அதில் மூழ்கி எழுந்த பிறகே உள்ளே போக முடிந்தது.

இவரிடம் அகப்பயணம் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. மறிக்கப்பட்டது அவருடைய புறப்பயணம். மறித்தது மனிதர்கள். இப்படிப்பட்டவரிடம் போய் "கடவுள் உன் மனசுக்குள்ளேதான் இருக்கார், கோயில் எதுக்கு?" என்று சொன்னால் அது தத்துவமாகாது, பூட்டிய கதவுக்குப் போடும் இன்னொரு பூட்டாகும். மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் தலைமையில் ஒடுக்கப்பட்ட மக்கள் நுழைந்தது 1939 ஜூலை 8-ஆம் தேதி. வேங்கடராமன் 'சாவது எது' என்று படுத்துக் கேட்ட வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கும் அதே கோயில்தான். அதற்கு 43 வருடம் முன்பு அவன் நினைத்தபோதெல்லாம் உள்ளே போய் அறுபத்துமூவர் முன் நின்று அழ முடிந்தது. அந்த வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்கு அது முடியவில்லை.

'உள்ளே தேடு' என்று ஒருவர் தனக்குச் சொல்லிக்கொண்டால் அது சாதனை. கதவைச் சாத்திவிட்டு அடுத்தவருக்குச் சொன்னால் அது சாக்கு. அப்பர் கங்கையைக் கேள்வி கேட்டபோது, கங்கைக்குப் போக முடிந்தவர்களைப் பார்த்துத்தான் கேட்டார்.

## நடக்கப் போகிறவர்களுக்கு

இதையெல்லாம் சோதித்துப் பார்க்க நீண்ட விடுமுறை தேவையில்லை. திருவண்ணாமலைக்குப் போகிற வாய்ப்பு இருந்தால் கிரிவலமே போதும். இல்லையென்றால் உங்கள் ஊரில் ஓர் ஏரிக்கரை. போனை அணைத்துப் பையில் வையுங்கள். முதல் அரைமணி நேரம் மனம் வீட்டுக் கணக்கையும் ஆபீஸ் சண்டையையும் எடுத்துப் போடும், போடட்டும். செருப்பில்லாத காலில் கல் குத்தி எரிச்சல் வரும்போதோ, பின்னால் வருகிறவர் இடித்துக்கொண்டு முந்தும்போதோ, 'இந்த எரிச்சல் யாருக்கு?' என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். பதிலை வார்த்தையில் சொல்ல வேண்டாம். கவனம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று மட்டும் பாருங்கள். அடுத்த நொடியே மறந்துபோகும். மறந்தது தெரிந்ததும் மறுபடி.

பௌர்ணமியன்று லட்சக்கணக்கானோர் நடக்கும் கூட்டத்தில் இதைத் தொடங்குவது கஷ்டம். சாதாரண வார நாளில், வெயில் ஏறுவதற்கு முன் கிளம்பினால் பாதையில் உள்ள எட்டு லிங்கங்களிலும் நின்று நின்று போனாலும் நாலு மணி நேரத்தில் சுற்றி வந்துவிடலாம்.